மேடை போதும், வாத்தியார் வேண்டும்

(கொழிஞ்சாம்பாறையில் எல்லையோரப் பிள்ளைகளுக்கான இசைப் பயிற்சி முகாமின் நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முகாம் முடிந்த பிறகும் உறுமியைக் கீழே வைக்க மனம் வராமல் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறையூரிலிருந்து வந்தவர்களிடம் எந்த வழியாக வந்தீர்கள் என்று விசாரித்தேன். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் என்றார்கள். இடுக்கியும் கேரளம், பாலக்காடும் கேரளம். இங்கிருந்து அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வர வேண்டியிருக்கிறது. அட்டப்பாடிக்காரர்கள் ஆனைகட்டி இறங்கிக் கோயம்புத்தூரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களின் வரைபடத்தில் நாம் விளிம்பு. விளிம்பில் இருப்பவனுக்கு எது கிடைக்கும்? வருஷத்துக்கு ஒரு முகாம் கிடைக்கும், ஒரு சான்றிதழ் கிடைக்கும், குரூப் போட்டோ கிடைக்கும்.

முகாம் நடத்திய நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீங்கள் இன்றைக்குச் சாயங்காலம் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைக்குத் தாளம் தப்பினால் யார் சொல்வது? இசை ரெண்டு நாளில் வருகிற சமாச்சாரமா? கூடவே இருந்து, தப்பும்போது தலையில் ஒரு குட்டுக் குட்டி, மறுபடி வாசி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அவருக்கு வாத்தியார் என்று பெயர். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. நம் ஊர்களில் அவர் இல்லை.

பாலக்காட்டில் எந்த மேடையில் ஏறினாலும் முதல் வாக்கியம் தயாராக இருக்கும்: “இது சங்கீத பூமி.” செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணசாமி, எம்.டி. ராமநாதன் என்று பெயர்கள் வரிசையாக வரும். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெரியவர்கள் எப்படிப் பெரியவர்கள் ஆனார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. செம்பைக்கு அவருடைய அப்பாவே குரு. மணி ஐயருக்கு முதலில் சாத்தபுரம் சுப்பையர், பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர். நாராயணசாமிக்கு அரியக்குடி. ராமநாதன் சென்னைக்குப் போய் டைகர் வரதாச்சாரியாரிடம் உட்கார்ந்தார். பாலக்காட்டு மண்ணைத் தின்று யாரும் பாடகர் ஆகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார், வருஷக்கணக்காக இருந்தார். வீட்டிலோ தெருவிலோ கிடைக்காதவர் ரயிலேறிப் போய்ச் சேர்ந்துகொள்ளவும் வழி இருந்தது.

அந்த அக்ரஹாரத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. 1924-இல் கல்பாத்தித் தேர் சமயத்தில் தெருவுக்குள் வந்த ஈழவர்களை விரட்டியடித்தார்கள். தெருவில் நடக்கவே விடாதபோது திண்ணையில் உட்காரவைத்துப் பாட்டா சொல்லிக்கொடுப்பார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணி ஐயரின் மிருதங்கத்தை உலகம் கொண்டாடியது. அந்த மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்து, அவர் காதுக்கு ஏற்ற நாதம் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொடுத்தவர் பர்லாந்து. தஞ்சாவூர்க்காரர், தலித் கிறிஸ்தவர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் எழுதிய பிறகுதான் இப்படிப்பட்டவர்களின் பெயர் பலருக்குத் தெரியவந்தது. அந்தப் புத்தகத்தை வெளியிடத் தருவதாகச் சொன்ன அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப எடுத்துக்கொண்டது. நாதம் வேண்டும், நாதத்தைச் செய்தவன் கதை வேண்டாம்.

சரி, நம் பக்கம் வருவோம். அட்டப்பாடி நஞ்சியம்மா. ‘ஐயப்பனும் கோஷியும்’ படத்தில் இருளர் மொழியில் பாடினார், 2020-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது 2022-இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. உடனே ஒரு கூக்குரல்: முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு எப்படிக் கொடுக்கலாம்? நமக்கெல்லாம் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் அவருக்கு ஆதரவாகப் பேசினவர்களில் பலர் என்ன சொன்னார்கள்? “அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது”, “காற்றுப்போல இயற்கையாக வருகிறது.” தோழர்களே, திட்டினவனைவிட இப்படிப் புகழ்ந்தவனைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன். ரத்தத்தில் இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் எதற்கு? சம்பளம் எதற்கு? பள்ளிக்கூடம் எதற்கு? புகழ்ச்சியிலேயே கணக்கை முடித்துவிட்டார்கள்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இருளர்களின் பொறையும் தவிலும் கொகலும் ஜால்ராவும் சேர்ந்து ஓர் அடவுக்கு வாசிக்க வேண்டும் என்றால், சின்ன வயசிலிருந்து பெரியவர்கள் பக்கத்தில் நின்று, தப்பாக அடித்து, முறைப்பு வாங்கித்தான் கற்க முடியும். அது முறையான படிப்பு இல்லையா? ஷொர்ணூர்ப் பக்கம் கூனத்தறையில் போய்ப் பாருங்கள். தோல்பாவைக் கூத்துப் புலவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம். பத்ரகாளி கோயில் கூத்துமாடத்தில் ராத்திரி ராத்திரியாகச் சொல்வது கம்பனை. கம்பன் பாட்டு பாரதப்புழைத் தண்ணீரில் கலந்தா அவர்கள் தொண்டைக்குள் போயிற்று? அப்பா சொல்லச் சொல்லப் பிள்ளை மனப்பாடம் பண்ணினான். அந்தக் குடும்பத்து ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லது. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள இந்தக் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை ஒருவன் ஆசைப்பட்டால் எங்கே போவான்? தமிழ் பேசுகிற நம் பிள்ளைக்குத்தான் அந்தப் பாட்டின் அர்த்தம் சட்டென்று புரியும். அவனை அங்கே கொண்டு சேர்க்க நம் பள்ளியில் ஒரு கதவு இல்லை.

மூணாறுக்காரர்களுக்கு ஒரு கதை ஞாபகப்படுத்துகிறேன். உங்களில் சிலருடைய தாத்தாக்கள் நேரில் கேட்டிருப்பார்கள். 1957-இல் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார், அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆகி 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடி ஓட்டுக் கேட்டவர் பாவலர் வரதராஜன். மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் பண்ணைப்புரம், அதுதான் அவர் ஊர். சிவப்புக் கட்சி ஜெயித்தது. அந்தப் பாவலரின் தம்பிதான் பின்னால் இளையராஜா. அண்ணன் கூடவே மேடை மேடையாகப் போய்க் கற்றவர். ஆனால் நொட்டேஷன் எழுதப் படிக்க அவர் எங்கே போக வேண்டியிருந்தது? சென்னைக்கு, தன்ராஜ் மாஸ்டரிடம். தேயிலைத் தோட்டம் பாட்டுக் கேட்டது, ஓட்டுப் போட்டது. கட்சிகள் பாட்டால் ஜெயித்தன. அதற்குப் பிறகு இத்தனை அரசாங்கம் வந்து போயிற்று, இடதும் வலதும் மாறி மாறி. அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆர்மோனிய வாத்தியாரை வைக்க யாருக்காவது தோன்றியதா? 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வேலை செய்கிற தொழிலாளிக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்யச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்றது. பொழுதுபோக்கு! கொழுந்து கிள்ளுகிறவள் மகளுக்குப் பாட்டு என்றால் பொழுதுபோக்கு, நகரத்து டாக்டர் மகளுக்கு என்றால் கல்வி.

இப்போது கலோத்சவம். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோத்சவத்தில் ஐந்து பழங்குடிக் கலைகளைப் புதிதாகப் போட்டியில் சேர்த்தார்கள். மங்கலங்களி, பணியர் நிருத்தம், இருளர் நிருத்தம், பளியர் நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம். கவனியுங்கள்: இருளர் அட்டப்பாடி, பளியர் குமுளிப் பக்கம், மலைப்புலையர் மறையூர்ப் பள்ளத்தாக்கு. ஐந்தில் மூன்று நம்முடையது! (கைதட்டல்) கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டிவிட்டு இதையும் யோசியுங்கள். போட்டி என்றால் எல்லாப் பள்ளிக்கும் திறந்த போட்டி. பணம் இருக்கிற பள்ளி பயிற்சியாளரைக் கூட்டிவந்து, ஆடை தைத்து, மூன்று மாதம் ஒத்திகை பார்த்து ‘ஏ கிரேடு’ வாங்கிக்கொண்டு போகலாம். அதன் பிள்ளைக்கு கிரேஸ் மார்க்கும் கிடைக்கும். ஆட்டம் பிறந்த குடியில் படிக்கிற பிள்ளையின் பள்ளியில் பயிற்சியாளர் கிடையாது. அவனுடைய தாத்தா ஆடியதை அவன் வேறொரு மேடையில் வேறொருவன் ஆடப் பார்த்துக் கை தட்டலாம். நம் ஆட்டத்தை மற்றவர் கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கற்கட்டும். நம் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் நம் பள்ளியில் ஆள் இல்லை? இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பாட்டைவிட முக்கியம். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் உண்டு. எப்போது? நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் கலை ஆசிரியர் என்ற பேச்சே அங்கே இல்லை. இப்போது இடமலைக்குடியை நினைத்துப் பாருங்கள். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்று அறிவித்தார்கள். குடிகள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. நூறு பிள்ளைகளை ஒரே கூரைக்குக் கீழே எங்கேயிருந்து திரட்டுவது? தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளைக் கேளுங்கள். பிள்ளைகள் குறைந்து, பள்ளியை இழுத்து மூடுவார்களோ என்று வாத்தியார்களே பயந்துகொண்டிருக்கிற இடத்தில் நூறாம்! சட்டம் எழுதினவர் மனதில் பட்டணத்துப் பள்ளி இருந்தது. மலையில் வாழ்வதற்கு அபராதமாக நம் பிள்ளையின் பாட்டு வகுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா?” என்று கேட்பீர்கள். செய்தது. கேரள அரசு வஜ்ர ஜூபிலி ஃபெலோஷிப் என்று ஆயிரம் கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்து, உள்ளாட்சிகளில் இலவசமாகக் கலை சொல்லிக்கொடுக்க வைத்தது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது இளம் கலைஞர்களுக்கானது, காலக்கெடு உள்ளது. நம் ஊரில் வித்தை தெரிந்தவர் யார்? அறுபது வயசு மூப்பர், எழுபது வயசுப் பாட்டி. அவருக்குச் சான்றிதழ் கிடையாது, பள்ளிக்கூடமே சிலர் பார்த்ததில்லை. அவர் போனால் அவரோடு கிடுமுட்டி மேளத்தின் அடியும் போகும். ஆகவே நான் கேட்பது புதிதாகக் கட்டடம் இல்லை, அகாடமி இல்லை. மலைப் பள்ளிகளுக்கு அந்த நூறு என்ற எண்ணைத் தூக்குங்கள். சான்றிதழ் கேட்காமல் அந்த மூப்பரையும் பாட்டியையும் பள்ளிக்குள் வாத்தியாராக உட்காரவையுங்கள். கௌரவ ஊதியம் என்று வருஷக் கடைசியில் ஒரு சால்வையும் கவரும் வேண்டாம், மாதாமாதம் சம்பளம் கொடுங்கள். கூடவே ஸ்வரம், நொட்டேஷன் தெரிந்த ஒருவரையும் வையுங்கள். உறுமி மட்டும் போதும் உனக்கு என்று நம் பிள்ளையை ஓர் அறையில் பூட்டிவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அவனுக்குக் கல்யாணியும் வேண்டும், கிடாரும் வேண்டும்.

“பாட்டுப் பின்னால் போனால் படிப்புக் கெடும்” என்று நம் ஆட்களிலேயே சிலர் முணுமுணுக்கிறார்கள். மேளம் அடிக்கவைத்துத்தானே இவ்வளவு காலம் நம்மைக் கேவலப்படுத்தினார்கள், மறுபடியும் அதுவா என்கிறார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. சாவு வீட்டு வாசலில் கூலிக்கு அடிக்கச் சொன்னதைத்தான் விட வேண்டும். அதே மேளத்தைப் பள்ளிக்கூடத்தில், மற்ற பாடங்களோடு, வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது வேறு.

காசுக்கு எங்கே போவது என்று பஞ்சாயத்தில் கையை விரிப்பார்கள். 1996 மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று கேரளம் ஊருக்கே பெருமையடித்தது. அந்தக் காசில் செண்டை வாங்கித் தந்திருக்கிறார்கள், போட்டோ எடுத்திருக்கிறார்கள். அடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் செண்டை ஆணியில் தொங்குகிறது. வாத்தியம் வாங்கக் காசு இருந்தால் வாத்தியாருக்கும் இருக்கும்.

தீர்மானத்தை இப்போது தம்பி வாசிப்பார், கையெழுத்துப் போடுங்கள். அதோடு விடக் கூடாது. அட்டப்பாடிக்காரர்கள் அடுத்த பழங்குடி ஊருக்கூட்டத்தில் இதை எழுப்புங்கள். இங்கே இருப்பவர்களும் மூணாறு, மறையூர்க்காரர்களும் கிராமசபையில் எழுப்புங்கள். திட்டத்தில் இதற்கு வகை இல்லை என்று செயலாளர் சொல்வார். வகை இல்லை என்பதையே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு, தமிழிலும் ஒரு நகலோடு. அந்த நகல் கைக்கு வரும்வரை பாயை விட்டு எழுந்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் உறுமியோடு கூட்டிப் போங்கள், கூட்டம் நீண்டால் வாசிக்கட்டும்.