எக்ஸ்ரே பிலிமுக்குத் தெருப் பெயர் தெரியாது

(காட்டூரில் செவிலியர், மருந்தியல், ஆய்வுக்கூட நுட்பப் படிப்பு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"ஃபெயில் ஆனதைப் பத்திப் பேசுங்க அக்கா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ் ஆனதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் இதே காட்டூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வெல்டர். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதைத்தான் சொல்லப் போகிறேன்.

மருத்துவ, அறுவைச் செவிலியப் பாடத்தின் செய்முறைத் தேர்வு. ஒரு நோயாளிக்குப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். பிறகு வைவா. நான் கை கழுவிவிட்டு, டிரேயைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தேர்வாளர் கேட்டார்: "எந்த ஊரும்மா?"

"காட்டூர் மேடம்."

"காட்டூர்ல எங்க?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். எங்கள் தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, திட்டவில்லை. வைவாவில் மூன்று கேள்விகள். இரண்டாவதற்குப் பதற்றத்தில் தமிழில் பதில் சொல்லத் தொடங்கினேன். "இங்கிலீஷ்ல" என்றார். சில நிமிடங்களில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் போன பெண் கால் மணி நேரம் உள்ளே இருந்தாள்.

எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றேன். செய்முறையில் நூற்றுக்கு 44. நர்சிங்கில் எழுத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியாக 50 விழுக்காடு வேண்டும். அது இல்லாமல் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாமல் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் ஒரு ஊசி போடவும் உரிமை கிடையாது. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர் சட்டம் வந்த நாளிலிருந்து, பெயர் பதிவேட்டில் ஏறினால்தான் இந்தத் தொழில். அந்தப் பதிவேட்டுக்கும் எனக்கும் நடுவில் ஆறு மதிப்பெண் நின்றது.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "பிராக்டிகலுக்கு ரீவேல்யூவேஷன் கிடையாதும்மா. பேப்பரே இல்லையே, எதைத் திருத்துவாங்க?" என்றார்.

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பேப்பரே இல்லையே, எதைத் திருத்துவார்கள்?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்தேன். எனக்கு எந்தெந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண், எங்கே தவறு செய்தேன் என்று கேட்டேன். ஒரு தாள் வந்தது. அதில் என் பதிவெண், 44 என்ற எண், கீழே மறைக்கப்பட்ட இரண்டு கையெழுத்துகள். வேறொன்றும் இல்லை.

என்னைச் சாதிக்காகத்தான் தோற்கடித்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒருவேளை நான் உண்மையிலேயே தவறு செய்திருக்கலாம், கையுறை மாட்டிய பிறகு தொடக்கூடாத எதையாவது தொட்டிருக்கலாம். ஆனால் நான் தவறு செய்தேன் என்று அவர்களாலும் நிரூபிக்க முடியாது. இப்படி இரண்டு பக்கமும் சான்று இல்லாத இடத்தில் யார் சொல் நிற்கும்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்தான் நிற்கும்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "உங்க பரீட்சைக்கு எக்ஸ்ரே கிடையாதா பாப்பா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பாய்லர் வேலைக்குப் போகும் வெல்டருக்கும் பரீட்சை உண்டு. குழாயைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஓட்டை இருந்தால் பிலிமில் கரும்புள்ளியாகத் தெரியும். "மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்காம இருக்கலாம். ஆனா பிலிமுக்கு நான் எந்தத் தெருன்னு தெரியாதுல்ல" என்றார்.

அப்பாவின் வேலை முடிந்ததும் இணைப்பு அங்கேயே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் மறுபடி பார்க்கலாம். செவிலியின் வேலை அப்படி இல்லை. கட்டுப் போட்ட கை விலகியதும் அது தேர்வாளரின் நினைவாகிவிடுகிறது. அந்த நினைவில் என் கை மட்டும் இல்லை. என் நிறம், என் ஆங்கிலம், என் தெரு எல்லாம் இருக்கின்றன.

இது என் ஒருத்தியின் கற்பனையா? டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி விசாரித்த பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. குழுவிடம் பேசிய அந்த மாணவர்களில் 84 விழுக்காட்டினர் செய்முறையிலும் வைவாவிலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றார்கள். தேர்வாளர் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சாதியைக் கேட்டதையும் சொன்னார்கள். "எந்தத் தெரு?" என்பது சுற்றிவளைத்துக் கேட்பதுதான்.

டெல்லியிலேயே வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் உடலியங்கியல் என்ற ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். அவர்கள் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கவில்லை. சேர்ந்து தகவல் கேட்டார்கள், நீதிமன்றம் போனார்கள், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் போனார்கள். ஆணையம் பாலச்சந்திர முங்கேகர் தலைமையில் விசாரணை வைத்தது. அங்கே சாதிப் பாகுபாடு நடந்தது என்று 2012இல் அவரது அறிக்கை சொன்னது. ஒருவர் தோற்றால் அது அவருடைய குறை என்று சொல்லிவிடலாம். ஒரே பாடத்தில் ஒரே பிரிவு மாணவர்கள் வரிசையாகத் தோற்றால் குறை எங்கே இருக்கிறது என்ற கேள்வி வந்தே தீரும்.

கடல் தாண்டியும் ஒரு வழக்கு இருக்கிறது. பிரிட்டனில் குடும்ப மருத்துவராக உரிமம் பெற ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. நோயாளியாக நடிப்பவர்களை, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று, 13 பேரைப் பார்க்க வேண்டும். 2010 முதல் 2012 வரையிலான முடிவுகளை அனீஸ் எஸ்மாயில், கிறிஸ் ராபர்ட்ஸ் இருவரும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும், பிரிட்டனிலேயே படித்த வெள்ளையரல்லாத மருத்துவர்கள் முதல் முயற்சியில் தோற்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட மூன்றரை மடங்கு இருந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டுப் போன வெள்ளையரல்லாதவருக்கு 14 மடங்குக்கும் மேல். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி, தேர்வு சட்டப்படி சரி என்றார் நீதிபதி மிட்டிங். ஆனால் இது சட்ட வெற்றி இல்லை என்றாலும் தார்மீக வெற்றி என்றும், தேர்வு நடத்துபவர்கள் செயல்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றும் அவரே சொன்னார். அந்தத் தேர்வு இன்று அந்த வடிவில் இல்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, அங்கே எண்ணிப் பார்த்தார்கள். யார் எந்த இனம், யார் தேறினார், யார் தோற்றார் என்ற விவரம் இருந்ததால்தான் வழக்கே பிறந்தது. இங்கே செய்முறைத் தேர்வில் சாதிவாரித் தேர்ச்சி விவரம் ஒன்றை நான் எந்த அறிவிப்புப் பலகையிலும் பார்த்ததில்லை. இரண்டு, வெறும் சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் காப்பாற்றாது. அந்த பிரிட்டன் தேர்வு ஒழுங்காக வடிவமைத்த தேர்வுதான். அதிலும் இடைவெளி வந்தது.

வெளிநாட்டை மேற்கோள் காட்டித்தான் இதைக் கேட்க வேண்டும் என்றில்லை. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கியதை நம் உச்ச நீதிமன்றம் தன்னிச்சையானது என்றது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. டேப் ரிக்கார்டர் காலத்தில் சொன்னது அது. இன்று ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது, தேர்வறையில் மட்டும் பதிவு இல்லை.

"நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வார்டில் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். தப்பாகக் கட்டுப் போடுபவரைத் தேறவிடக் கூடாது என்று சொல்லும் முதல் ஆள் நான்தான். என் கை கிருமியைப் புண்ணுக்குள் கொண்டுபோயிருந்தால், எந்த நிமிடத்தில், எந்தப் படியில் என்று எழுதிக் கொடுங்கள். நான் திருத்திக்கொள்வேன், அடுத்த நோயாளி பிழைப்பார். காரணம் சொல்லாமல் போடும் 44 எந்த நோயாளியையும் காப்பாற்றவில்லை.

சட்டம் எதுவரை வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விதியில் இல்லாவிட்டால் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் திருத்திய உன் விடைத்தாளைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு என்று 2011இல் சொன்னது. தேர்வாளர் பெயரைத் தர வேண்டியதில்லை என்று 2016இல் சொன்னது. நமக்குப் பெயர் வேண்டாம். காரணம் போதும்.

எனவே நம் கோரிக்கை நான்கு. ஒவ்வொரு படிக்கும் தனி மதிப்பெண், அதை எழுதிய தாள் மாணவருக்கு. இரண்டு தேர்வாளரும் கலந்து பேசாமல் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். வைவா பதிவு செய்யப்பட வேண்டும். தேர்ச்சி விவரம் சமூகவாரியாக வெளியிடப்பட வேண்டும். புதிய நர்சிங் பாடத்திட்டத்தில் ஓஸ்கி என்ற முறை வந்திருக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் உருவாக்கியது. நிலையம் நிலையமாகப் போய், பட்டியல்படி மதிப்பிடும் முறை. அது பெயருக்கு நடக்கிறதா, உண்மையாக நடக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நான் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினேன். வேறு தேர்வாளர்கள், அதே மாதிரி புண், அதே கை. தேறினேன். யாரும் தெருவைக் கேட்கவில்லை. பதிவெண் வந்தது. அந்த ஆறு மாதம் அப்பா ஓவர்டைம் பார்த்தார். அதை யாரும் திருப்பித் தரவில்லை. நான் வழக்கை வெல்லவில்லை, வழக்கே போடவில்லை. தனியாக இருந்தேன், பயந்தேன். என்னோடு தோற்ற இன்னும் இரண்டு பெண்களிடம் நான் பேசவே இல்லை. அவமானம் என்று நினைத்து மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தோம். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

நீங்கள் அப்படி இருக்காதீர்கள். தேர்வு முடிந்த அன்று மாலையே என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம், என்ன செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் எழுத்தில் காரணம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஒருவர் கேட்டால் 44 என்று ஒரு தாள் வரும். முப்பது பேர் கேட்டால் அடுத்த வருடம் அந்தத் தாளில் இன்னும் நாலு வரி எழுதியாக வேண்டும்.

இந்த முறை செய்முறையில் தோற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் இருங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்ப் பத்து வாங்கி வந்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. உட்கார்ந்து எழுதிவிட்டே போவோம்.