பாரம் சுமக்கும் விசுவாசம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



துன்பங்களின் ஊடாக விசுவாசத்தில் வளர்வது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தப் பொருளில் பேச எங்களைவிடத் தகுதியான அக்காமார் பலர் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகையால், தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்களின் சார்பிலும், வைத்தியத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகளின் சார்பிலும் சில வார்த்தைகளை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் துன்பம், பொறுமை, நம்பிக்கை ஆகியவற்றைப் படிக்கட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். அதை வாசிக்கும்போது, துன்பம் வந்தால் விசுவாசம் தானாகவே பலப்பட்டுவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் வாழ்க்கையில் நாங்கள் கண்டது அப்படியல்ல. ஒரே ஷெல் வீச்சில் வீடிழந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று ஆண்டவரை இறுகப் பற்றிக்கொண்டது. மற்றது ஆலயப் பக்கமே வராமல் விட்டது. இந்த வேறுபாடு எதனால்?

வைத்தியர்களாகிய எங்களுக்கு எலும்பு முறிவு இதை ஓரளவு விளக்குகிறது. எலும்பு பாரத்தினால் பலப்படும் உறுப்பு. நெடுநாள் படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிந்துபோகும். நடப்பவரின் எலும்பு உறுதியாக இருக்கும். ஆனால் முறிந்த காலில் முதல் நாளே பாரத்தை ஏற்றச் சொல்வதில்லை. முதலில் முறிந்த முனைகளை நேராக்கி, அசையாதபடி பிளாஸ்ரர் போடுகிறோம். உள்ளே புதிய எலும்பு மெல்ல உருவாகிறது. பின்பு ஊன்றுகோலுடன் சிறிது சிறிதாகப் பாரம் கொடுக்கிறோம். எலும்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். முறிந்த இடம் முன்னையதைவிடப் பலமாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி ஓர் உறுதியை எந்த வைத்தியரும் தரமாட்டார். தாங்கிப் பிடிக்காவிட்டால் அது கோணலாகப் பொருந்தும், அல்லது பொருந்தாமலே போகும்.

விசுவாசமும் அப்படித்தான். தாங்கிப் பிடிக்க ஆள் இருந்த இடத்தில் அது பாரம் சுமக்கக் கற்றது.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். எங்கள் வகுப்பு அப்போது சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. சில வாரங்களின் பின், வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்புகள் தொடங்கின. வாங்கு இல்லை, புத்தகம் இல்லை. வகுப்பாசிரியை முதல் நாள் பழைய ஒழுங்கிலேயே இடாப்புக் கூப்பிட்டார். பதில் வராத பெயர்களை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அன்று சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து கண்களை மூடியிருந்தோம். தேவன் எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அறிந்திருக்கிறார் என்பதை அன்று அந்த இடாப்பிலிருந்து கற்றுக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய பின், வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணா காணாமற் போனார். வந்தவர்கள் பலர், எல்லாம் தேவசித்தம் என்றும், இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்றும் சொல்லிச் சென்றார்கள். தோழியின் தாயார் ஆலயம் போவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் பழைய விடுதிப் பொறுப்பாசிரியை மட்டும் கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, குசினியில் அவரோடு இருந்து கீரை ஆய்ந்து கொடுப்பார். ஆறுதல் வசனம் எதுவும் சொல்லமாட்டார். போகும்போது கையைப் பிடித்து ஒரு நிமிடம் ஜெபிப்பார். இரண்டு வருடங்களின் பின் ஒரு ஞாயிறு அந்தத் தாயார் தானாகவே எழுந்து ஆலயத்துக்குப் போனார். இன்றும் போகிறார். மகன் இன்னும் வரவில்லை. அந்தக் கேள்வியையும் தன்னோடு கொண்டுபோய்த்தான் ஆண்டவர் முன் முழங்காலில் நிற்கிறார்.

கேள்வியோடு நிற்பது அவிசுவாசம் அல்ல. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தேவனை அழைத்துத் தொடங்கும் அந்தப் புலம்பல், ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது திருமறையில் இடம்பெற்றிருக்கிறது. பவுல் தன் முள்ளை நீக்கும்படி மூன்று தரம் மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபையே கிடைத்தது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவே நோயாளரின் உறவினர் முகங்களைப் பார்க்க வேண்டியிருந்த நாட்களில், இந்த இரண்டு பகுதிகளுமே எங்களில் பலருக்குத் துணையாக இருந்தன.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி வளர்ந்ததும் இப்படி உடனிருந்தவர்களாலேயே. எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் உடுவிலுக்கு வந்தார். 1883இல் இந்த மண்ணிலேயே கண்மூடும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் படிப்பித்தார். படித்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்றார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள்.

அன்பான சகோதரிகளே, நூறு ஆண்டுகளில் எங்கள் சங்கம் கட்டடங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் நிறையவே கொடுத்திருக்கிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். இரண்டாம் நூற்றாண்டுக்கு ஒரு சிறிய வேண்டுகோளை முன்வைக்கிறோம். எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைகளும் மூத்த மாணவிகளும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே பெரிய வீடுகளில் தனியே இருக்கிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளில் சிலரும் துணையை இழந்து, பேச ஆளின்றி இருக்கிறார்கள். ஒவ்வொரு கிளையும் இவர்களுடைய பெயர்களை ஓர் இடாப்பில் எழுதட்டும். இங்குள்ளவர்கள் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவோம். தூரத்தில் உள்ளவர்கள் தொலைபேசி எடுப்போம். துக்கம் புதிதாக இருக்கும் வீட்டில் விளக்கம் சொல்ல அவசரப்படாமல், முதலில் பக்கத்தில் இருப்போம். பாரம் சுமக்கும் காலம் வரும்போது ஊன்றுகோலாகவும் இருப்போம்.

இதுவரை எங்களை நடத்திவந்த ஆண்டவர் இனியும் நடத்துவாராக. எங்கள் கல்லூரி அன்னை நீடு வாழ்க!