வாள் நின்ன பிறகுதான் கை போகணும்



எங்க குழுவுல நாலு பேர் போட்டோ சட்டம் செய்கிறோம். மேசை ரம்பத்துல வெட்ட எங்க ஊர் ஆசாரி அண்ணன் கற்றுக்கொடுத்தார். இன்னைக்கு நான் மறைச்சு வச்ச ஒரு விஷயத்தைச் சொல்லப் போறேன்.

பழக ஆரம்பிச்ச புதுசு. கட்டையைத் துண்டு போடும்போது, அளவு சரியா வரட்டும்னு முனையைப் பக்கத் தடுப்புல முட்டவிட்டு, பின்னாலிருந்து தள்ளினேன். அறுந்த துண்டு வாளுக்கும் தடுப்புக்கும் நடுவுல மாட்டி, பறந்து வந்து என் வயித்துல அடிச்சது. கன்னிப்போச்சு. வீட்டுல சொல்லலை. சொன்னா, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு நாலு பேரையும் நிறுத்திடுவாங்கன்னு பயம். ரெண்டு நாள் கழிச்சு எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி அதே மாதிரி கட்டையை முட்டவைக்கிறதைப் பார்த்தேன். ஓடிப்போய் சுவிட்சை அணைச்சேன். அன்னைக்குத்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

இப்ப நாங்க செய்யுற முறை இது. முந்தானையை இறுக்கிச் செருகி, முடியைக் கட்டி, வளையலைக் கழட்டிடுவோம். கையுறை போடமாட்டோம்; வாள் அதைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுத்துடும். கண்ணாடி கட்டாயம். வாளுக்கு நேரா நிக்காம, ஒரு பக்கமா நிப்போம்.

சட்டத்தோட மூலைக்கு ரெண்டு கட்டையிலயும் பாதிக் கனம் எடுக்கணும். கட்டை 2 செ.மீ. கனம்னா வாளை 1 செ.மீ. உயர்த்தணும். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் உயரம் மாத்துவோம். முதல்ல அதே கனத்துல ரெண்டு கழிவுக் கட்டையில வெட்டி, சேர்த்துப் பார்ப்போம். மேல்பக்கம் ஏத்த இறக்கம் இல்லாம சமமா உட்கார்ந்தா சரி. பிறகு நல்ல கட்டையில பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கமா முதல் வெட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி மீதியை எடுப்போம். இந்த வெட்டுக்கு வாள் மூடியைக் கழட்டியிருந்தா, முடிஞ்ச உடனே மாட்டிடுவோம்.

சுவிட்சை அணைச்சாலும் வாள் கொஞ்ச நேரம் சுத்தும். அது முழுசா நின்ன பிறகுதான் துண்டை எடுக்கக் கை போகணும்.

அக்கா தங்கைகளே, வேலையில அடிபட்டா மறைக்காதீங்க. குழுக் கூட்டத்துல சொல்லுங்க. அடுத்தவ விரல் தப்பிக்கும்.