பாலுக்கு முன்னே புல், புல்லுக்கு முன்னே மண்

(தோ பாயோவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு மாட்டுத் தீவனத்தைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். தேக்காவில் பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு சாலைகள் உள்ளன. இரண்டு பெயருக்கும் எருமை என்றுதான் பொருள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. இன்று அங்கே மாடுகள் இல்லை. ஆனால் நம்மில் பலருடைய உறவினர்கள் ஊரில் இன்னும் மாடு வளர்க்கிறார்கள். அவர்களுக்காகவே இதைப் பேசுகிறேன்.

வேலூர்ப் பக்கம் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல. அவற்றின் கழிவு குறித்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவல் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. ராணிப்பேட்டையிலோ 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது.

கன உலோகம் குப்பையைப் போல மக்கிப் போவதில்லை. மண்ணிலேயே தங்கிவிடும். புல் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. காட்மியம் ஏறிய புல்லும் செழிப்பாகவே தெரியலாம். மாடு அதைத் தின்றால் காட்மியம் அதன் சிறுநீரகத்திலும் ஈரலிலும் சேர்கிறது. ஈயமோ பாலிலும் கலக்கிறது. அந்தப் பாலைக் குடிப்பது குழந்தை.

அப்படியானால் நிலத்தைக் கைவிட வேண்டியதுதானா? தேவையில்லை. ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும்.

முதலில் மண் பரிசோதனை. இந்தியாவில் 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஈயம், காட்மியம், குரோமியம் இல்லை. எனவே கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது மருந்து. புளிப்பு மண்ணில் ஈயமோ காட்மியமோ இருந்தால் சுண்ணாம்பு இடலாம். அது உலோகத்தை வேருக்கு எட்டாமல் கட்டி வைக்கும். ஆனால் நச்சு மிகுந்த ஆறிணைய குரோமியத்துக்கு இதே வைத்தியம் எதிராகிவிடலாம். சுண்ணாம்பு அதை இளகி ஓடச் செய்யக்கூடும். அதற்கு மக்கிய சாண எருவே உதவும். நஞ்சு குறைந்த, எளிதில் நகராத வகையாக அது குரோமியத்தை மாற்றுகிறது. நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது மண்ணுக்கும் பொருந்தும்.

மூன்றாவது பயிர். பொதுவாக இலையைவிடத் தானியத்தில் உலோகம் குறைவு. புல்லைத் தரையோடு அறுக்காமல் நான்கு விரற்கடை உயரம் விட்டு அறுத்து, மண் போக அலசிப் போட வேண்டும். மேயவிட்டால் மாடு புல்லோடு மண்ணையும் விழுங்கும். வரப்பில் வெட்டிவேர் நட்டால் மண் அரிக்காது. கடுகுச் செடி உலோகத்தை உறிஞ்சி எடுக்கும் என்கிறார்கள். உண்மைதான். அதனாலேயே அப்படி வளர்த்த செடியை மாட்டுக்குப் போடவே கூடாது.

நான்காவது தண்ணீர். ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரையில் நகரக் கழிவுநீரில் தீவனப்புல் வளர்த்துப் பல்லாண்டாக விற்று வந்திருக்கிறார்கள். பாய்ச்சும் நீரே உலோகத்தைக் கொண்டுவந்தால், மண்ணுக்குச் செய்யும் வைத்தியம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

கடைசியில் அறுத்த தீவனத்தையும் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தாவரத் தீவனத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியத்தையே வரம்பாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் அந்த நிலத்தில் தீவனம் வேண்டாம். பூவோ மரமோ வளர்க்கட்டும்.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று விசாரிக்கிறோம். இனி, அது தின்னும் புல் வளரும் மண்ணைச் சோதித்துப் பார்த்தீர்களா என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.