பாக்குநீரணை தந்த பாடம்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்றைய விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். கிரிக்கெட்டைப் பற்றியும் உதைபந்தாட்டத்தைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கின் பெருஞ்சமர் நடைபெறும் நாட்களில் யாழ்ப்பாணத்தில் வேறு பேச்சே இராது. ஆதலால், நாம் அதிகம் பேசாத நீச்சலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வடமராட்சிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிவது கடல் ஒன்றே. அதற்கப்பால், ஏறத்தாழ 30 மைல் தொலைவில், கோடிக்கரை இருக்கிறது. 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி என்பவர் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறக்குறைய 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். பாக்குநீரணையை முதன்முதல் நீந்திக் கடந்தவர் என்ற புகழ் அவருக்கு உரியதாயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 27 மணித்தியாலத்தில் 30 மைல் என்றால், மணிக்கு ஒரு மைலுக்குச் சற்று அதிகம். சந்தைக்கு நடந்து போகிறவர்கூட அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விரைவாகப் போவார். ஆகவே அவரை அக்கரை சேர்த்தது வேகமன்று. இரவு வந்தபோதும், உப்புநீர் வாயை எரித்தபோதும், கை ஓய்ந்தபோதும் நிறுத்தாமையே அவரைக் கரைசேர்த்தது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நன்று.

அடுத்தவர் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். 'ஆழிக்குமரன்' என்று நாடே அவரைப் போற்றியது. 1966இல் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்தினார். ஆனந்தனோ 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் நீந்தியே திரும்பினார். இதற்குச் சென்றது 51 மணித்தியாலம். அதாவது இரண்டு பகலும் இரண்டு இரவும், அதன்மேலும் மூன்று மணி நேரம்.

இவ்வீரர்களைப் புகழும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். கடலைக் கடப்பவன் தனியே கடப்பதில்லை. அவனருகே படகு வருகிறது. நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று அறிந்தவர் அதில் இருக்கிறார். வேளைக்கு வேளை ஆகாரம் நீட்டுபவர் இருக்கிறார். நீந்துபவன் படகைத் தொடக்கூடாது என்பது விதி. தொட்டால் அத்தனை பிரயாசையும் வீண். ஆயினும் அந்தப் படகு இல்லாவிட்டால் அவன் இல்லை. வாடைக் காற்று ஓய்ந்து, சோழகம் பலமாக எழுவதற்கு முன் வரும் பங்குனி, சித்திரை மாதங்களே கடலில் இறங்க ஏற்றவை என்ற அறிவும் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழிலாளர் தேடிவைத்த சொத்து.

பாடசாலை நீச்சற் குழுவிலும் இதே உண்மையைக் காணலாம். நால்வர் நீந்தும் அஞ்சற் போட்டியில், முன்னவர் சுவரைத் தொடுமுன் பின்னவர் பாய்ந்துவிட்டால் குழு முழுவதும் விலக்கப்படும். மிக விரைந்து நீந்தக்கூடியவனும் தன் தோழனின் கைக்காகக் காத்து நிற்கவேண்டும். வெற்றி நால்வருக்கும் உரியது, தவறும் அப்படியே. பொறுமையையும் கட்டுப்பாட்டையும் இவ்வளவு தெளிவாகப் போதிக்கும் விளையாட்டுக்கள் வேறு சிலவே.

இனி, துயரமான ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். 1984ஆம் ஆண்டு ஆவணி மாதம் பிறக்குமுன், ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்ற ஆனந்தன் அங்கே உயிர்நீத்தார். நமது கடல் வெதுவெதுப்பானது. அங்கோ கோடைகாலத்திலும் தண்ணீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை அளவே. காற்றைவிடத் தண்ணீர் உடற்சூட்டைப் பல மடங்கு விரைவாகக் கவர்ந்துவிடும். பாக்குநீரணையை இருமுறை வென்ற உடலுக்கும் கடல் ஓர் எல்லை வைத்திருந்தது. தைரியம் வேண்டும், தண்ணீருக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் பயமும் வேண்டும்.

அந்தப் பயத்தை நான் சிறுவயதிலேயே கண்டேன். ஒரு மாரிகாலத்தில், கல் அகழ்ந்த பின் கைவிடப்பட்ட குழியொன்று மழைநீரால் நிரம்பியிருந்தது. பாடசாலை விட்டு வரும் வழியில் என் வகுப்புத் தோழன் அதில் கால் கழுவ இறங்கினான். வழுக்கி விழுந்தான். கரையில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். ஐவரில் ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது. கூக்குரலிட்டு ஆட்களைக் கூட்டிவந்தபோது காலம் கடந்துவிட்டது. அவனுடைய தாயார் எங்களை ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை. அதுவே எனக்கு இன்றுவரை தாங்க முடியாதிருக்கிறது.

பின்னாளிலேதான் அறிந்துகொண்டேன்: மூழ்குகிறவன் பெரும்பாலும் சத்தமிடுவதில்லை, மூச்சுக்குத் தவிப்பவனுக்குக் குரல் எழாது. நீந்தத் தெரியாதவன் பின்னால் குதித்தால் இரண்டு உயிர் போகும். கரையில் கிடக்கும் தடியையோ கயிற்றையோ, அன்றி இடுப்பிலுள்ள சால்வையையோ நீட்டியிருக்கலாம். வெற்றுப் போத்தலோ நெற்றுத் தேங்காயோ எறிந்திருக்கலாம். இவற்றை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நமது குடாநாட்டில் கிணறில்லாத வளவு அரிது. கேணியும் குளமும் இல்லாத ஊரும் அரிது. சுற்றிலும் கடலும் கடல்நீரேரியும். எனினும் பிள்ளைக்கு ஏடு தொடக்க நாள் பார்க்கும் நாம், நீந்தப் பழக்க நாள் பார்ப்பதில்லை. "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று அதட்டுவதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

ஆகவே இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நீந்தத் தெரிந்த வாலிபர்கள், பெரியோரின் மேற்பார்வையில், கடல் அமைதியான மாதங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களைக்கொண்டே தனியாகப் பழக்க வேண்டும். தண்ணீர் ஆண் பெண் பார்த்து மூழ்கடிப்பதில்லை. கைவிடப்பட்ட குழிகளுக்கும் கிணறுகளுக்கும் வேலியும் கட்டும் அமைக்கவேண்டும்.

இதிலிருந்து நாளை ஒரு பாடசாலைக் குழு வெற்றிக் கிண்ணத்தோடு வந்தால் மகிழ்வோம். இன்னோர் ஆழிக்குமரன் வந்தால் பெருமைப்படுவோம். எவரும் வராவிட்டாலும், கரையில் நிற்கும் ஐந்து பிள்ளைகளில் ஒருவனுக்காவது என்ன செய்வதென்று தெரிந்திருந்தால், இந்தச் சங்கம் தன் கடமையைச் செய்ததாகவே நான் கொள்வேன்.