படலத்தின் வழியே பரவும் நோய்

புத்தளத்துக்கு வடக்கே, களப்பு கடலோடு கலக்கும் பக்கத்தில் உள்ளது கரைத்தீவு. அத்தகைய கரைகளில் கடற்றொழிலாளரின் காலைச் சிப்பி ஓடு கீறுவதும், திருக்கை முள் தைப்பதும் புதுமையல்ல. கடல்நீரிலேயே கழுவிவிட்டுத் தொழிலைத் தொடர்வார்கள். புண்ணும் பெரும்பாலும் ஆறிவிடும். அரிதாக, ஆறாத புண்ணும் உண்டு.

ஆட்டின் தோலை உரிப்பவர், தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே வெண்மையான சவ்வைக் கண்டிருப்பார். மனித உடலிலும் அதுவே உண்டு; தொடுப்பிழையப் படலம் என்பர். கொலாஜன் என்னும் புரத இழைகளால் நெய்யப்பட்ட இப்படலம் தசைகளைப் பொதிந்து பிரிக்கின்றது. சிறுநீரகத்தைச் சூழ்ந்து, அதன் இடத்தில் நிறுத்துகின்றது. உடற்கூறு பயில்வோர் நெடுங்காலம் இதனை வெறும் உறையென வெட்டி எறிந்துவிட்டே உள்ளே பார்த்தனர். உறைக்கும் நோய் வரும் என்பதை அறுவை மேசைதான் உணர்த்தியது.

இப்படலத்தில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே கிருமி நுழைந்துவிட்டால், அதை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மருந்தும் அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. கிருமியோ படலத்தின் வழியே மணிக்கணக்கில் பரவிவிடும். 1952ஆம் ஆண்டில் வில்சன் என்ற அமெரிக்கச் சத்திரவைத்தியர் இதற்குப் படல அழிவு அழற்சி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இதை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் ஒன்று, வாந்திபேதிக் கிருமிக்கு இனமானது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழ்வது. ஈரல் நோயாளரிடத்தும் நீரிழிவு உள்ளோரிடத்தும் அதன் கொடுமை மிகுதி. ஈரல் கெட்டவரின் இரத்தத்தில் மிகும் இரும்பு அதற்கு நல்ல உணவு.

தொடக்கத்தில் தோல் சற்றே சிவந்திருக்கும். வலியோ தாங்க முடியாததாக இருக்கும். சிறு புண்ணுக்கு இத்தனை வலியா என்று வீட்டார் வியப்பர். அந்தப் பொருத்தமின்மையே முதல் அடையாளம். பின்னர் வீக்கம் ஏறும், காய்ச்சல் அடிக்கும், கருங்கொப்புளம் எழும். ஒரு கட்டத்தில் வலி திடீரென அடங்கும். அது குணமன்று, நரம்பு செத்துவிட்டது. நஞ்சு இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமும் செயலிழக்கும்.

பச்சிலைக் கட்டுக்கு இது அடங்காது. மாத்திரை மட்டும் போதாது. சத்திரவைத்தியர் கீறிப் பார்க்கும்போது, ஆரோக்கியமான உடலில் இறுகப் பற்றியிருக்க வேண்டிய படலத்தினூடே விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். செத்த பகுதி முழுவதையும் அன்றே அகற்றுவார். மறுநாளும் திறந்து பார்ப்பார். காலையில் முள் தைத்தவர் மாலையில் காலை ஊன்ற முடியாமல் துடித்தால், விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கடல்நீரில் பட்ட காயம் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.