கம்மந்தானை எழுதிய கைகள்



படைத்தலைவன் ஒருவனின் வாழ்க்கை வரலாற்றைக் கையிலெடுப்போர் முதலில் பார்க்க வேண்டியது அவன் பிறந்த ஆண்டை அன்று, நூலின் தலைப்பை. 1914-இல் இலண்டனில் வெளிவந்த நூலொன்றில், தீர்ப்பு தலைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. சாமுவேல் சார்லசு கில் என்னும் ஆங்கிலர் எழுதிய யூசுபுகான் வரலாறு அது. பெயரை அடுத்தே 'கிளர்ச்சிக்காரப் படைத்தலைவன்' என்னும் பட்டம்!

கில் வெள்ளை அரசின் ஆவணப் பொறுப்பில் இருந்தவர். அவர் உழைப்பில் குறை சொல்ல ஒண்ணாது. யூசுபுகானின் போர்த்திறத்தையும் அவர் மறைத்தாரில்லை. ஆயினும் 'கிளர்ச்சி' என்னும் சொல் எங்கிருந்து வந்தது? கட்டுப்பட்டவன் எதிர்த்தெழுந்தால்தான் அது கிளர்ச்சி. யூசுபுகான் ஆர்க்காட்டு நவாபு முகமதலிக்குக் கட்டுப்பட்டவன் என்பது கும்பினியின் வழக்கு. அக்கட்டுப்பாட்டைத்தான் அவன் ஏற்க மறுத்தான். வழக்காடிய இருவருள் ஒருவரின் சொல்லே நூலுக்குத் தலைப்பாயிற்று.

இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவன் அவன். மருதநாயகம் என்பது முன்னைப் பெயர் என்பது வழிவழிச் செய்தி. 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நடந்த போரில், ஆங்கிலப் படைக்கு உணவுவண்டிகள் போய்ச் சேர்ந்ததில் அவன் காவலுக்குப் பெரும்பங்கு உண்டு. தளபதி இலாரன்சு அவனை வாயாரப் புகழ்ந்தார். 1754-இல் கும்பினியின் நாட்டுப்படையினர் அனைவர்க்கும் தலைவனாக்கினர், பொற்பதக்கமும் அணிவித்தனர். 1758-59-இல் இலாலி சென்னைக் கோட்டையை முற்றியபோது, வெளியே நின்று பிரெஞ்சுப் படையை உறங்கவிடாமல் அலைத்தவனும் அவனே. அதுவரை கும்பினி ஏடுகளில் அவன் மாவீரன். 1763-இல் மதுரையை விட்டுக்கொடேன் என்றான். அதே ஏடுகளில் இரண்டகன் ஆனான். இடையில் மாறியது அவன் இயல்பா, கும்பினியின் வரவுக்கணக்கா என்பதை வரலாறு எழுதுவோர் கேட்க வேண்டாவா?

மதுரைக் கோட்டையை வெள்ளைப்படை எளிதில் கொள்ள முடியவில்லை. 1764 சூன் 26-ஆம் நாள் நடந்த பெருந்தாக்கும் முறியடிக்கப்பட்டது. பின்னர்ப் பட்டினி போட்டனர். அக்தோபர் 13-இல் அவனுடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சியன் மார்சனும் கூடி அவனைப் பிடித்துக் கட்டினர்; 15-ஆம் நாள் தூக்கிலிட்டனர். தூக்கிலிட்டோர் தரப்பின் மடல்களும் கோட்டை மன்றக் குறிப்புகளுமே கில்லின் நூலுக்குப் பெரும்பகுதி முதலாயின. குற்றஞ்சாட்டியவன் வீட்டுப் பெட்டியிலிருந்தே சான்று எடுத்தால் அது எப்பக்கம் சாயும் என்பதைத் துலாக்கோல் கொண்டு பார்க்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் கேட்டுக் கைதட்டும் நம்மவர் சாய்வையும் சொல்லத்தான் வேண்டும். இன்று அவனை முதல் விடுதலை மறவன் என்று மேடையில் முழங்குவோர், 1761-ஆம் ஆண்டை மெல்லத் தாண்டிச் செல்கின்றனர். அவ்வாண்டில்தான் அவன் கும்பினிக்காகப் பூலித்தேவனின் நெற்கட்டுஞ்செவலை வீழ்த்தினான். பூலித்தேவனைப் பாடுவோரோ அந்த ஓராண்டிலேயே நின்றுவிட்டு, 1764-ஐ எட்டிப் பார்ப்பதில்லை. இரு கூட்டத்தாரும் ஆளுக்கொரு பாதி மாந்தனைக் கையில் வைத்திருக்கின்றனர். பூலித்தேவனை வீழ்த்திய கையும் வெள்ளையனுக்கு மதுரையை மறுத்த கையும் ஒருவனுடையவையே.

கும்பினி இட்ட பதவிப்பெயர் நம் மக்கள் நாவில் 'கம்மந்தான்' என்று திரிந்தது. வேற்றுச்சொல் புகுந்ததில் நமக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் ஆங்கில நூல் ஒட்டிய 'கிளர்ச்சிக்காரன்' பட்டத்தை மக்கள் ஒட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கம்மந்தான் கான்சாகிபு என்றே அழைத்தனர். மதுரையில் இன்றும் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவன் கல்லறை இருக்கிறது. 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972-இல் வெளியிட்டது. தமிழில் எழுந்தது என்பதற்காக அதனையும் கண்மூடி ஏற்க வேண்டுவதில்லை. பாடியவன் எந்தப் பாளையத்துச் சோற்றை உண்டான் என்றும் கேட்க வேண்டும்.

சென்னையில் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் உள்ளன. பாளையக்காரர் குடிவரலாறுகள் பல அவற்றுள் கிடக்கின்றன. அவற்றுள்ளும் தத்தம் உரிமையை நிலைநாட்ட எழுதப்பட்டவை உண்டு. அவற்றையும் கும்பினிக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஆண்டு ஆண்டாக ஒப்பிட்டுத் தமிழில் ஒரு வரலாறு எழுத, இவ்வவையில் உள்ள இளைஞருள் எவரேனும் முன்வருவரா?